பொம்மை ரிட்டையர் ஆகும் நாள்

அரசு அலுவலகத்தில் ஒருவர் ஓய்வுபெறும் நாளில் சால்வை போர்த்துவார்கள், கேசரியும் மிக்சரும் தட்டில் வரும், ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பி வைப்பார்கள். மறுநாள் காலையிலிருந்து தெருவில் அவருக்கு விழும் வணக்கம் கொஞ்சம் குறையும். பொம்மைகளின் உலகத்தில் இது தலைகீழாக நடக்கிறது. ஒரு பொம்மை ‘ரிட்டையர்’ ஆகிறது என்று அதைச் செய்த நிறுவனம் சொல்லிவிட்டால் போதும். நேற்றுவரை கடை அலமாரியில் தூசி படிந்து கிடந்த அதே பொம்மையை இன்று ஆட்கள் தேடி வருகிறார்கள்.

பொம்மைக்குள் எதுவும் மாறவில்லை. அதே துணி, அதே பஞ்சு, அதே பிளாஸ்டிக் கண். புதிதாகச் சேர்ந்தது ஒரு செய்தி: இனி இதைச் செய்யமாட்டோம். ஒரு சொல் ஒரு பொருளின் விலையை எப்படி நகர்த்துகிறது, எங்கே கொண்டுபோய்க் கவிழ்க்கிறது என்று பார்க்கப் போனால் கொஞ்சம் உளவியல், கொஞ்சம் பொருளியல், ஒரு பிஸ்கட் ஜாடி, ஒரு தாஜ்மஹால், ஒரு நீல யானை எல்லாம் வழியில் வருகின்றன.

சிகாகோவின் புறநகரில் தொடங்கலாம். டை வார்னர் என்பவர் 1986-இல் தன் பெயரிலேயே ஒரு துணிப்பொம்மை நிறுவனம் ஆரம்பித்தார். 1993-இல் அவர் கொண்டுவந்தது ‘பீனி பேபி’. கைக்கு அடக்கமான விலங்குப் பொம்மை. பஞ்சை இறுக்கி அடைக்காமல், உள்ளே சிறு பிளாஸ்டிக் மணிகளைப் போட்டுத் தொளதொளவென்று விட்டிருந்தார். பொம்மை வியாபாரிகள் சிலர் அதைப் பார்த்து, சாலையில் அடிபட்டுக் கிடப்பதுபோல் இருக்கிறதே என்று சிரித்தார்கள். ஆனால் அந்தத் தொளதொளப்புதான் அதற்கு உயிர் கொடுத்தது. உட்கார வைத்தால் உட்காரும், தலையைச் சாய்க்கும், கையில் துவளும். முதலில் வந்தவை ஒன்பது: தவளை, பன்றி, நாய், டால்பின், திமிங்கிலம், மூஸ் மான், பிளாட்டிபஸ், கரடி, லாப்ஸ்டர். விலை சுமார் 5 டாலர், குழந்தையின் கைச்செலவுக் காசு.

வார்னர் இதைப் பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் கொடுக்கவில்லை. வாழ்த்து அட்டையும் பூச்சாடியும் விற்கும் சின்னப் பரிசுக் கடைகளுக்கு மட்டும், அதுவும் அளந்து அளந்து அனுப்பினார். ஒரு கடையில் கரடி இருக்கும், தவளை இருக்காது. அடுத்த ஊர்க் கடையில் தவளை இருக்கும், கரடி தீர்ந்திருக்கும். இப்படி அலையவிட்டதற்கு மேல் இன்னொன்றையும் சேர்த்தார். அவ்வப்போது சில பொம்மைகளைச் செய்வதை நிறுத்தி, அவை ‘ரிட்டையர்’ ஆகிவிட்டன என்று அறிவித்தார்.

இந்தச் சொல் அவர் கண்டுபிடித்ததல்ல. பீங்கான் பொம்மை வியாபாரத்தில் அது முன்பே புழங்கியது. அமெரிக்கப் பாட்டிமார்களின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் ‘பிரெஷஸ் மொமெண்ட்ஸ்’ பீங்கான் சிறுவர் சிறுமியருக்கு இரண்டு விதமான விடைகொடுப்பு உண்டு. ‘ரிட்டையர்டு’ என்றால் அச்சை உடைத்துவிட்டார்கள், இனி வராது. ‘சஸ்பெண்டட்’ என்றால் இப்போதைக்கு நிறுத்தம், திரும்பி வரலாம். அலுவலக வழக்கப்படியே ஒன்று பணிநிறைவு, மற்றது தற்காலிகப் பணிநீக்கம்! அந்த ‘அச்சை உடைத்துவிட்டார்கள்’ என்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கதையும் அதில்தான் தொங்குகிறது.

நிறுத்தம் ஒருபுறம் இருக்க, அறிவிப்பு மனிதர்களுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1975-இல் ஸ்டீபன் வொர்ச்செல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை அழைத்து ஒரு ஜாடியிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிடச் சொல்லி, அது எப்படி இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த ஜாடியில் 10 பிஸ்கட். சிலருக்குக் கொடுத்ததில் 2. எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. ஆனாலும் இரண்டே இருந்த ஜாடியின் பிஸ்கட்டுக்குத்தான் அதிக மதிப்பு கிடைத்தது. இதுவரை ஆச்சரியம் ஒன்றுமில்லை. பந்தியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாளியின் அடியில் சுரண்டிப் போட்ட பாயசத்தைச் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும்.

சுவாரசியம் அடுத்த கட்டத்தில். இன்னும் சில மாணவர்களிடம் முதலில் 10 பிஸ்கட் உள்ள ஜாடியைக் கொடுத்தார்கள். அவர்கள் கை வைப்பதற்குள் அதை எடுத்துக்கொண்டு 2 பிஸ்கட் உள்ள ஜாடியைக் கொடுத்தார்கள். இவர்கள் கொடுத்த மதிப்பு, தொடக்கத்திலிருந்தே இரண்டைப் பார்த்தவர்கள் கொடுத்ததைவிடவும் கூடுதல். கண்முன் குறைந்தது, எப்போதும் குறைவாக இருந்ததைவிட உயர்வாகத் தோன்றுகிறது. ஜாடியை ஏன் மாற்றினார்கள் என்பதற்கும் இரண்டு காரணம் சொல்லிப் பார்த்தார்கள். ‘தவறுதலாக மாறிப்போய்விட்டது’ என்று சொன்னபோது மதிப்பு ஓரளவு ஏறியது. ‘மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொடுத்துவிட்டோம்’ என்று சொன்னபோதுதான் உச்சத்துக்குப் போனது.

ரிட்டையர்மென்ட் அறிவிப்பு செய்வது இந்த ஜாடி மாற்றத்தையே. நேற்று எங்கும் கிடைத்தது இன்று முதல் குறையப் போகிறது. அதை எடுத்துக்கொண்டு போவது உன்னைப் போன்ற இன்னொருவன். பொம்மை பிறந்த நாளிலிருந்தே அரிதாக இருந்திருந்தால் இந்தத் தவிப்பு வந்திருக்காது. நிறைய இருந்து குறைய வேண்டும், குறைவது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

தெரியவைக்க வார்னரிடம் ஒரு புதுச் சாதனம் இருந்தது. இணையம் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த 1990-களின் நடுவிலேயே அவருடைய நிறுவனத்துக்கு ஒரு தளம் இருந்தது. நுகர்வோருக்காக இப்படி ஒரு தளம் வைத்திருந்த முதல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. யார் யார் ரிட்டையர் என்ற பட்டியல் அங்கே வரும், நாடு முழுக்க ஒரே நேரத்தில் படிப்பார்கள், கடைக்கு ஓடுவார்கள். 1995-இல் பிறந்த ஈபே ஏலத்தளம் விற்பதற்குச் சந்தையாக வாய்த்தது. அதன் தொடக்க ஆண்டுகளில் மொத்த வியாபாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்தப் பொம்மைகள்தான். 1997 ஏப்ரலில் மெக்டொனால்ட்ஸ் சிறுவர் சாப்பாட்டோடு இதன் குட்டி வடிவத்தைக் கொடுத்தபோது 10 கோடி பொம்மைகளை 5 வாரத்துக்கென்று வைத்திருந்தார்கள். சுமார் 2 வாரத்தில் தீர்ந்தது. ஜன்னல் வழியே சாப்பாட்டை வாங்கி, பொம்மையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

பொம்மையின் காதில் இதய வடிவில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அது கசங்கினால் விலை பாதி என்று விலைக் கையேடுகள் சொல்லின. ஆகவே அந்த அட்டைக்கு மாட்ட தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை விற்றார்கள். பொம்மையைவிட அட்டைக்குப் பாதுகாப்பு அதிகம். கையேடுகள் அன்றைய விலையோடு நிற்கவில்லை. இன்னும் 10 ஆண்டு கழித்து இது என்ன விலை போகும் என்றும் அச்சடித்துக் கொடுத்தன. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு என்று அலமாரி நிறைய வாங்கி அடுக்கினார்கள். 1999 நவம்பரில் லாஸ் வேகஸ் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்ற ஒரு தம்பதி, நீதிபதியின் முன் தரையில் குந்தியிருந்து தங்கள் பீனி பேபிகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. சிரிக்கத் தோன்றும், ஆனால் நகையைப் பிரித்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம். அவர்கள் கணக்கில் அது நகைதான்.

அச்சை உடைப்பது பற்றி நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1972-இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நோபல் பரிசு அவருக்கு 1991-இல் வந்தது. அது வேறு வேலைகளுக்காக. இந்தக் கட்டுரையின் கேள்வி எளிமையானது. ஒரு நாட்டின் நிலம் முழுவதும் ஒரே ஒருவரிடம் இருக்கிறது என்று வையுங்கள். நிலம் தேய்வதில்லை, கெடுவதில்லை. அவர் கொஞ்சம் நிலத்தை மட்டும் எடுத்து யானை விலைக்கு விற்கிறார். விற்று முடிந்த பிறகு மிச்ச நிலம் அவரிடமே கிடக்கிறதே! அதைச் சும்மா வைத்திருப்பதைவிடக் கொஞ்சம் விலை குறைத்து விற்றால் லாபம். அதையும் விற்ற பிறகு, இன்னும் கொஞ்சம் குறைத்து. இது வாங்குகிறவருக்கும் தெரியும். ‘நாளைக்கு விலை இறங்கும், காத்திருப்போம்’ என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போட்டிக்கு ஆளே இல்லாத முதலாளி கடைசியில் தோற்பது நாளைய தன்னிடம்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, நாளைக்குத் தன்னால் விற்கவே முடியாதபடி இன்று தன் கையைத் தானே கட்டிக்கொள்வது. அச்சோவியம் செய்யும் கலைஞர்கள் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள். இத்தனை பிரதிகள் என்று எண் போட்டு எடுத்து முடித்ததும், செப்புத் தகட்டின் குறுக்கே கோடு கீறிப் பாழாக்கிவிடுவார்கள். அந்தக் கீறல்தான் வாங்கியவருக்கு உத்தரவாதம். பீங்கான் பொம்மைக்காரர்கள் அச்சை உடைப்பதும் இதே காரியம்.

ரிட்டையர்மென்ட் அறிவிப்பும் இப்படிப்பட்ட வாக்குதான். வித்தியாசம் என்னவென்றால், சொல்வதற்குச் செலவு இல்லை. தகட்டில் கீறல் விழுந்ததா என்று யாரும் பார்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு, அதைத்தான் நான் பெரிய ஓட்டை என்பேன்: ‘இனி செய்யமாட்டோம்’ என்கிறது அறிவிப்பு, ‘இதுவரை எத்தனை செய்தோம்’ என்பதைச் சொல்வதில்லை. அச்சோவியத்தின் ஓரத்தில் 100-இல் 37 என்று பென்சிலால் எழுதியிருக்கும். துணிப்பொம்மையின் அட்டையில் ஒரு கவிதையும் பிறந்தநாளும் இருந்தன. எண்ணிக்கை இல்லை. கடலுக்கு வரும் ஆற்றை அடைத்துவிட்டோம் என்று சொன்னதும், கடலில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று கேட்காமலே குடத்தோடு ஓடினார்கள்.

1999 ஆகஸ்ட் 31 அன்று வார்னரின் தளத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. டிசம்பர் 31 இரவு 11.59-க்கு எல்லா பீனி பேபிகளும் ரிட்டையர். மொத்தமும். கடைசியாக ஒரு கறுப்புக் கரடி வந்தது. அதன் பெயரே ‘முடிவு’. மறுபடி ஓட்டம், மறுபடி கூட்டம். ஆனால் டிசம்பர் நெருங்கியதும் நிறுவனம் வேறு ராகம் பாடியது: மக்களே வாக்களித்துச் சொல்லட்டும், நிறுத்தலாமா தொடரலாமா? ஒரு வாக்குக்கு 50 சென்ட் கட்டணம், அந்தப் பணம் எய்ட்ஸ் பாதித்த குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்கு. 91 சதவீதம் பேர் தொடரச் சொன்னார்கள். தொடர்ந்தார்.

கட்டிக்கொண்ட கையை எல்லோர் முன்னிலையிலும் அவிழ்த்துக் காட்டியாயிற்று. ஆசைப்பட்டு வாக்களித்த ஜனங்கள்தான் தங்கள் அலமாரியின் விலையைத் தாங்களே இறக்கிக்கொண்டார்கள் என்பது இதில் உள்ள வேடிக்கை. புத்தாயிரம் பிறந்ததும் விலைகள் சரிந்தன. பலவற்றுக்கு இன்று பழைய சாமான் கடையில் ஓரிரண்டு டாலர் கிடைத்தால் அதிகம், அதுவும் அட்டையின் பிளாஸ்டிக் உறை கலையாமல். வார்னர் கோடீஸ்வரராகவே இருந்தார்; பின்னாளில் சுவிஸ் வங்கிக் கணக்கை மறைத்த வரி ஏய்ப்பு வழக்கில் 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலருக்கும் மேல் அபராதம் கட்டினார்.

வாக்கெடுப்பு மட்டும்தான் கவிழ்த்தது என்று நான் நினைக்கவில்லை. வார்னர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாலும் இது கவிழ்ந்திருக்கும். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

1938-இல் வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ், சூப்பர்மேன் தோன்றிய இதழ், 10 சென்ட். 2024-இல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அச்சான லட்சக்கணக்கான பிரதிகளில் இன்று இருப்பது நூறு போல. மற்றவை எங்கே போயின? சிறுவர்கள் படித்துக் கிழித்தார்கள். மழையில் நனைந்தது. அம்மாக்கள் எடுத்துப் பழைய பேப்பர்காரனிடம் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரின்போது காகிதம் திரட்டப் போனார்கள், அதில் போயிற்று. அந்த இதழை அரிதாக்கியது அச்சகம் நின்றது அல்ல, அந்த அம்மாக்கள். இப்போது 1992-க்கு வாருங்கள். சூப்பர்மேன் சாகும் இதழ் கறுப்பு உறையில் ஒட்டி வந்தது. பழைய இதழ்களின் விலையைச் செய்தித்தாளில் படித்திருந்த ஜனங்கள் லட்சக்கணக்கில் வாங்கி, உறையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்தார்கள். எல்லாம் இன்றும் இருக்கின்றன, பளபளவென்று. அதனால்தான் விலை இல்லை.

ஒரு பொருள் அரிதாவதற்கு வேண்டியது இரண்டு: புதிதாக வருவது நிற்க வேண்டும், இருப்பது குறைய வேண்டும். ரிட்டையர் அறிவிப்பு முதலாவதைச் செய்கிறது. செய்துவிட்டு, அதே மூச்சில் இரண்டாவதைத் தடுத்துவிடுகிறது. ‘இது மதிப்புள்ளது’ என்று காதில் விழுந்த கணத்திலிருந்து யாரும் அதை உடைப்பதில்லை, நாய்க்குப் போடுவதில்லை, தங்கைக்குக் கொடுப்பதில்லை. பொம்மை இயற்கையாகச் சாகும் எல்லா வழிகளும் அடைபடுகின்றன. பீனி பேபியின் அட்டைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை, அந்தப் பொம்மைக்கு எதிர்காலத்தில் விலை வராமல் பார்த்துக்கொண்ட உறை.

அப்படியானால் ரிட்டையர் ஆன லெகோ பெட்டிகளின் விலை மட்டும் எப்படி ஏறுகிறது?

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-இல் தொடங்கிய நிறுவனம் லெகோ. இன்று நாம் காணும் செருகு கட்டைக்கு 1958-இல் காப்புரிமை பதிந்தது. அன்று செய்த கட்டை இன்று செய்வதோடு பொருந்தும். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் புதுப் பெட்டிகள் வருவதால் பழையவற்றை எடுத்தாக வேண்டும். ஒரு பெட்டி பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கடையில் இருக்கும், சில அதற்கும் மேல். முடிவு நெருங்கும்போது லெகோவின் கடைத்தளத்தில் ‘விரைவில் ரிட்டையர்’ என்று ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருக்கும். இதை வாங்கி விற்பவர்களின் பேச்சில் அதற்கு ‘ஈ.ஓ.எல்.’ என்று பெயர், ஆயுள் முடிவு. சீல் பிரிக்காத பெட்டியைத்தான் அவர்கள் சரக்காக மதிப்பார்கள்.

மாஸ்கோவின் உயர் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த விக்டோரியா டோப்ரின்ஸ்கயா, யூலியா கிஷிலோவா இருவரும் 1987 முதல் 2015 வரையிலான 2,322 லெகோ பெட்டிகளின் விலைகளை எடுத்து ஆராய்ந்து, 2022-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ரிட்டையர் ஆன பெட்டிகளின் சராசரி ஏற்றம் ஆண்டுக்குக் குறைந்தது 11 சதவீதம். செய்தித்தாள்கள் இந்த எண்ணை எடுத்துத் ‘தங்கத்தைவிட லெகோ மேல்’ என்று தலைப்புப் போட்டன. அதே ஆய்வில் இருக்கும் மற்ற எண்கள் அவ்வளவு பரவவில்லை. சில பெட்டிகள் ஆண்டுக்கு 600 சதவீதம் வரை ஏறின. சில 50 சதவீதம் இறங்கின. மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும் ஏறின, நடுத்தரப் பெட்டிகள் பின்தங்கின. விலை ஏறத் தொடங்குவதே ரிட்டையர் ஆகி 2, 3 ஆண்டு கழித்துத்தான்.

இந்த 2, 3 ஆண்டுத் தாமதம் எனக்கு மிகவும் பிடித்த தகவல். கடைக்கு வருவது நின்ற மறுநாளே ஏன் ஏறவில்லை? ஏனென்றால் பட்டையைப் பார்த்து ஆளுக்கு நான்கு பெட்டி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருகிறார்கள். கடை அலமாரி காலியானது. சரக்கு கட்டிலுக்கடியில் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது வடியும்வரை விலை அசையாது. வடிவதற்கு லெகோவில் வழி இருக்கிறது, பீனி பேபியில் இல்லாத வழி. லெகோ பெட்டியைப் பிரித்தால்தான் பொம்மை. சீலோடு வைத்திருக்கும் வரை அது கலகலவென்று சத்தம் போடும் ஓர் அட்டைப்பெட்டி. ஆசைப்பட்டு வாங்கும் ஒவ்வொருவரும் அதைப் பிரிக்கிறார்கள். ஒருமுறை பிரித்தால் மறுபடி சீல் ஒட்டாது. பின்னால் வருபவருக்கு ஒரு பெட்டி குறைந்தது. பீனி பேபியை அனுபவிக்க அதைக் கெடுக்க வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். லெகோவை அனுபவிப்பவர் அதைச் சரக்காக இருக்கவிடாமல் செய்துவிடுகிறார். சின்னப் பெட்டிகளில் பிள்ளைகள் தொலைக்கும் குட்டி மனித உருவங்கள், பெரிய பெட்டிகளில் குறைவாகவே செய்யப்பட்ட எண்ணிக்கை: ஏற்றம் இந்த இரண்டு முனைகளில் இருப்பதும் இதோடு பொருந்துகிறது.

ஆனால் வார்னர் அவிழ்த்த அதே கயிறு லெகோவின் கையிலும் இருக்கிறது. 2008-இல் லெகோ ஒரு தாஜ்மஹால் வெளியிட்டது. 5,922 துண்டுகள், 300 டாலர். அன்று லெகோ வெளியிட்டவற்றிலேயே துண்டு எண்ணிக்கையில் பெரியது. ஏறத்தாழ இரண்டே ஆண்டில் ரிட்டையர். அதற்குப்பின் சீல் பிரிக்காத பெட்டி ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறியது. லெகோ முதலீடு என்று யார் பேசினாலும் முதல் உதாரணம் அதுதான். 2017 நவம்பரில் லெகோ அதே தாஜ்மஹாலை, அதே வடிவில், புது எண்ணோடு மறுபடி கடையில் வைத்தது. 370 டாலர். துண்டுகள் 5,923, அதாவது முன்னதைவிட ஒன்றே ஒன்று கூடுதல். பழைய பெட்டியின் விலை பொத்தென்று விழுந்தது. ஷாஜகான் தன் கட்டடத்துக்கு இன்னொன்று எழும்பக்கூடாது என்று தொழிலாளிகளின் கையை வெட்டினான் என்றொரு கட்டுக்கதை உண்டு. ஆதாரம் இல்லாத கதை. முதலீட்டாளர்கள் லெகோவிடம் எதிர்பார்த்தது ஏறத்தாழ அதைத்தான்.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்துக்கும் இதே கதி. 2007-இல் 500 டாலருக்கு வந்தது, 2010-இல் நின்றது, பல மடங்கு ஏறியது. 2017-இல் 7,541 துண்டுகளோடு, முன்னதைவிடப் பெரியதாக, 800 டாலருக்குப் புதிது வந்ததும் பழையது இறங்கியது. அதே வரிசையின் ‘டெத் ஸ்டார்’ வேறு விதமாகச் சோதித்தது. 2008-இல் வந்த பெட்டி இந்த ஆண்டு நிற்கும், அடுத்த ஆண்டு நிற்கும் என்று வாங்கி அடுக்கியவர்களை ஏழு ஆண்டுக்கும் மேல் காக்கவைத்தது; ஒருவழியாக ரிட்டையர் ஆனதும் 2016-இலேயே ஏறத்தாழ அதே வடிவம் புது எண்ணோடு திரும்பியது. ‘ரிட்டையர்’ என்பது ஒரு பெட்டி எண்ணுக்குச் சொன்னது. தாஜ்மஹாலை இனி செய்யவே மாட்டோம் என்று லெகோ யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பீங்கான்காரர்களிடம் இருந்த அந்த இரண்டாவது சொல், ‘சஸ்பெண்டட்’, இங்கே இருந்திருந்தால் பலருக்குப் பணம் மிஞ்சியிருக்கும்.

ஏறிய பெட்டியிலும் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். 100 டாலருக்கு வாங்கிய பெட்டி 5 ஆண்டில் 200 டாலர் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். இரட்டிப்பு! ஆனால் ஏலத்தளம் 13 சதவீதம் எடுத்தால் 26 டாலர் போச்சு. பெரிய பெட்டியை மூலை நசுங்காமல் கட்டி அனுப்ப 15 டாலர். கையில் 159. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. இதில் 5 ஆண்டு அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வாடகை இல்லை, ஈரம், எலி, சூரிய வெளிச்சம், கட்டிலுக்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வீட்டாருக்குச் சொன்ன பதில் எதுவும் சேர்க்கவில்லை. பங்கு ஈவு தரும், வீடு வாடகை தரும், பசு பால் தரும். பெட்டி எதுவும் தராது. இன்னொருவர் வந்து கூடுதலாகக் கொடுத்தால்தான் உண்டு.

பெட்டியில் அடைத்த பெருந்தலைப் பொம்மைகளை விற்கும் ஃபங்கோ என்ற அமெரிக்க நிறுவனம் ரிட்டையர் என்று சொல்வதில்லை. ‘வால்டட்’ என்கிறது, பெட்டகத்தில் வைத்துப் பூட்டியாயிற்று என்ற அர்த்தத்தில். 2023 மார்ச்சில் அந்த நிறுவனம் தன் கிடங்கில் தேங்கிய, 3 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள பொம்மைகளைக் குப்பைமேட்டில் கொட்டி அழிக்கப்போவதாக அறிவித்தது. வைத்திருக்கும் வாடகை பொம்மையைவிட அதிகமாகிவிட்டது. அழிவு வேண்டும், அழிந்தால்தான் அரிது என்று மேலே சொன்னேன். இங்கே நிறுவனமே அழிக்கக் கிளம்பியது. அதனால் அந்தப் பொம்மைகளின் விலை ஏறிவிடுமா? அவை யாரும் கேட்காததால் தேங்கியவை. யாருக்கும் வேண்டாதது குறைந்தாலும் அது யாருக்கும் வேண்டாததாகவே இருக்கும்.

ஒரு யானை வரும் என்று தொடக்கத்தில் சொல்லியிருந்தேன். பீனி பேபிகளில் ‘பீனட்’ என்றொரு யானை உண்டு. 1995-இல் அது கடைக்கு வந்தபோது அடர்நீல நிறம். வெளிர்நீலமாக இருக்க வேண்டியது நிறம் மாறி வந்துவிட்டது என்பார்கள். சில மாதத்தில் நிறத்தைத் திருத்தினார்கள், அதன்பின் வந்ததெல்லாம் வெளிர்நீலம். அடர்நீல யானை ரிட்டையர் ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை, தளத்தில் பட்டியல் வரவில்லை, யாரும் கடைக்கு ஓடவில்லை. அது அரிது என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. பித்து உச்சத்தில் இருந்தபோது ஆயிரக்கணக்கான டாலருக்குப் பேசப்பட்டது; மற்றவை சரிந்த பிறகும் சேகரிப்பவர்கள் தேடும் சில பொம்மைகளில் இன்றும் அது ஒன்று. அட்டை கசங்காத அடர்நீல யானை கிடைப்பது கடினம். 1995-இல் அதை 5 டாலருக்கு வாங்கியவர்களுக்கு அது ஒரு பொம்மை. காதில் தொங்கிய சிவப்பு அட்டையைக் கத்தரியால் நறுக்கிப் போட்டுவிட்டுத்தான் குழந்தையின் கையில் கொடுத்திருப்பார்கள்.